பூனை போன பிறகு செய்ய வேண்டிய சில காரியங்கள்

கும்பகோணத்தில் எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்களின் படம், இந்த மூன்றில்தான் பிழைப்பு. நான்காவதாக ஒரு வகையும் உண்டு. அதைக் கொண்டுவருபவர்கள் முதலில் பேரனின் படத்தையோ ஒரு முருகன் காலண்டரையோ கொடுத்து, விலை பேசி, கிளம்புவதுபோல் கிளம்பி, படியில் நின்றுகொண்டு செல்போனை நீட்டுவார்கள். "இதையும் ஒன்று போட முடியுமா?" பார்த்தால் பூனை. நாய் வளர்த்தவர்கள் இவ்வளவு கூச்சப்படுவதில்லை. பூனைக்காரர்களை ஊர் கொஞ்சம் அதிகமாகவே கேலி செய்து வைத்திருக்கிறது.

அவர்களிடம் வாய்வழியாகச் சொல்லி வந்ததையும், எங்கள் வீட்டுத் தாசில்தார் போனபோது நாங்கள் செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தாசில்தார் ஒரு சாம்பல் வரிப் பூனை. வருவார், ஒரு சுற்றுப் பார்வையிடுவார், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார், தமக்குத் தோன்றும்போது எழுந்து போவார். பெயர் அப்படித்தான் வந்தது. மரியாதைப் பன்மையும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 14 வயதில் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

தெருவில் போகிறவருக்கு எல்லாப் பூனையும் ஒரே பூனைதான். உங்கள் பூனையை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டியவை எவை என்று தேடிப் பிடித்து வைப்பதே இங்கே வேலை. அவற்றில் சிலவற்றை முதல் சில மணி நேரத்தில் எடுத்தால்தான் உண்டு.

முதல் சில மணி நேரம்

உடல் சுமார் மூன்று மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே. விறைத்த பிறகு காலை மடக்க முயலாதீர்கள். அதற்கு முன்பே, அது வழக்கமாகத் தூங்கும் விதத்தில் சுருட்டிப் படுக்க வையுங்கள். குழி சிறியதாகப் போதும் என்பது ஒரு வசதி. பார்க்கிற கண்ணுக்கும் அது பழகிய உருவம். கண்கள் தாமாக மூடா, மூடினாலும் பாதி திறந்தே இருக்கும். வலி என்று நினைத்துக் கலங்க வேண்டாம், தசை தளர்ந்துவிட்டதால் அப்படி. சிறுநீரும் கசியும். அடியில் நாலைந்து செய்தித்தாளும் மேலே பழைய துண்டும் போதும். அடக்கம் செய்யத் தாமதமானால் ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணி சுற்றி வயிற்றுப் பக்கம் வையுங்கள். மறுநாள் வரை தள்ளாமல் இருப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கடித்து, குணம் மாறி, வாயில் எச்சில் ஒழுகி இறந்த பூனை என்றால் வெறிநோயாக இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், இங்கே சொல்லும் எதையும் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றப் பூனைகள் என்றால், துணியில் சுற்றுவதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்துகொள்ளலாம்.

முதலாவது, முடி. விலாப்புறத்திலிருந்து ஒரு கொத்து, வாலிலிருந்து ஒரு கொத்து கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒரே பூனையின் உடம்பில் நிறம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு கொத்து மட்டும் எடுத்தால் பிறகு பார்க்கும்போது வேறு பூனையுடையதுபோலத் தோன்றும். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் மடித்து, மேலே பெயரும் தேதியும் எழுதுங்கள். மீசை முடியைப் பிடுங்க வேண்டாம். பூனைகள் மீசையை அவ்வப்போது உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். அது படுத்த மெத்தையைத் தட்டினால் ஒன்றாவது கிடைக்கும்.

இரண்டாவது, பாதத்தின் அச்சு. ரப்பர் ஸ்டாம்ப் போடுகிற மைப்பெட்டி எல்லாப் புத்தகக் கடையிலும் இருக்கிறது. பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மையை விரலால் எடுத்து மெல்லத் தடவுங்கள். பிறகு பாதத்தைத் தூக்கித் தாளில் அழுத்துவதைவிட, கெட்டி அட்டைமேல் ஒட்டிய தாளைப் பாதத்துக்குக் கொண்டுபோய் அழுத்துவது சுலபம், மை இழுபடாது. முன்கால், பின்கால் இரண்டையும் எடுங்கள். முன்காலில் ஐந்து விரல் இருந்தாலும் அச்சில் நான்குதான் விழும், ஐந்தாவது மேலே ஏறியிருக்கும். நகம் பதியாது. களிமண்ணில் அச்சு எடுக்கிறவர்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த, மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர் சலித்த மண்ணைப் பிசைந்து கொடுத்தார். மண் காயும்போது சுருங்கும் என்பதால் அச்சு உண்மைப் பாதத்தைவிடச் சற்றுச் சிறியதாகிவிடும். குட்டிப் பூனையின் காலைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று என் அம்மா சொன்னார். எனக்கு மை அச்சுத்தான் பிடித்திருக்கிறது.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதை உடலின் அருகே விடுங்கள். சில மோந்து பார்த்துவிட்டு விலகும், சில திரும்பியே பார்க்காது. இரண்டையும் வைத்து அதன் மனதைக் கணிக்காதீர்கள். ஆனால் அடுத்த நாட்களில் அது சாப்பிடுகிறதா என்று கவனியுங்கள். தேடிக் கத்துவது, இறந்த பூனையின் இடத்தில் போய்ப் படுப்பது எல்லாம் சரி. இரண்டு மூன்று நாள் வாயே வைக்காமல் இருந்தால் டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

குழி

மூன்றடி ஆழம். இதில் பேரம் வேண்டாம். ஒன்றரை அடியில் நிறுத்தினால் தெருநாயோ கீரியோ இரவோடு இரவாகக் கிளறிவிடும். டாக்டர் ஊசி போட்டு வலியில்லாமல் போகச் செய்திருந்தால் இன்னும் முக்கியம். அதற்குப் பயன்படும் பார்பிட்டுரேட் வகை மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற பிராணிக்கும் விஷமாகும். கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் எட்டத் தள்ளி, தண்ணீர் தேங்காத மேட்டில் தோண்டுங்கள். எங்கள் டெல்டாப் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மூன்றடியிலேயே ஊற்று எட்டிப் பார்க்கும். அப்போது கொல்லையின் உயரமான மூலைதான் கதி. பருத்தித் துணி, பழைய வேட்டி, மூங்கில் கூடை எல்லாம் மண்ணோடு போகும். பிளாஸ்டிக் பை போகாது. மண்ணை மூடி மிதித்து, மேலே ஒரு கருங்கல் பலகையை வையுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கால்நடை மருத்துவரையோ நகராட்சியையோ கேட்டால் வழி சொல்வார்கள். பெரிய நகரங்களில் பிராணிகளைத் தகனம் செய்யும் இடங்கள் உண்டு. ஆற்றிலோ வாய்க்காலிலோ போடுவது மட்டும் கூடாது. கீழே இன்னொரு ஊர் அந்தத் தண்ணீரை எடுக்கிறது.

குழிக்குப் பக்கத்தில் செடி வைக்க எல்லாருக்கும் ஆசை. வைக்கக் கூடாதவற்றை முதலில் சொல்கிறேன். அரளி வேண்டாம். செங்காந்தள் நம் மாநிலப் பூ, அழகு, ஆனால் கிழங்கு முதல் இதழ் வரை கொல்சிசின் என்ற நஞ்சு. பூக்கடையில் விற்கும் லில்லியைக் கடித்தாலே, மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். செத்த பூனைக்கு வைத்த செடி அடுத்த வீட்டுப் பூனையைக் கொல்வது என்ன நியாயம்? செம்பருத்தி வைக்கலாம், மல்லிகை வைக்கலாம். குழிக்கு நேர் மேலே வைக்காமல் இரண்டடி தள்ளி வையுங்கள். உப்புப் போட்டு மூடும் வழக்கம் உள்ளவர்கள் அங்கே செடி வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் ஒன்றும் நடவில்லை. அங்கே தானாகக் குப்பைமேனி முளைத்தது. பூனைவணங்கி என்று சொல்வார்களே, அதேதான். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் மயங்கிப் புரளும். அதனால் பிடுங்காமல் விட்டிருக்கிறோம்.

படம்

இது என் தொழில், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எல்லாரும் தங்கள் போனில் இருக்கும் படங்களை மட்டும் பார்க்கிறார்கள். நல்ல படம் பெரும்பாலும் அடுத்தவர் போனில் இருக்கும். கொழுக்கட்டை பிடிப்பதைப் படம் எடுத்த மருமகள், ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்த பையன், இவர்களுடைய படங்களின் ஓரத்தில் உங்கள் பூனை நடந்து போய்க்கொண்டிருக்கும். கேட்டு வாங்குங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்து வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் அப்படியே கிடைக்கும். இது ஏன் முக்கியம் என்றால், பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளிகள் போதும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்றால் 3600-க்கு 5400. தேய்ந்துபோன படத்தைப் பெரிதாக்கி மாட்டுவதைவிடக் கையளவில் தெளிவாகப் போடுவது எவ்வளவோ மேல்.

எந்தப் படம் என்பதில் சண்டை வரும். அழகாக இருக்கும் படத்தைத்தான் எல்லாரும் எடுப்பார்கள், பெரும்பாலும் அது குட்டியாக இருந்தபோது எடுத்தது. நான் சொல்வது வேறு. அந்தப் பூனையை அறிந்த ஒருவரிடம் படங்களைக் காட்டுங்கள். எதைப் பார்த்து அவர் சிரிக்கிறாரோ அதைப் போடுங்கள். தாசில்தாருடைய படத்தில் அவர் எங்கள் கணக்குப் புத்தகத்தின்மேல் உட்கார்ந்து, கிழிந்த இடது காதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார். கண்கூடச் சரியாகத் தெரியாது. அவரை அறிந்த எவரும் வேறு படம் கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் கொடுக்கும்போது மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பின்னணியை வெட்டாதீர்கள். சொல்லாவிட்டால் பூனையைக் கத்தரித்து நீல வானத்தில் மேகத்தின்மேல் உட்கார வைத்து ஓரத்தில் ரோஜாப்பூவும் போட்டுவிடுவார்கள். கேஸ் சிலிண்டரும், நசுங்கிய வாளியும், காயப்போட்ட பாவாடையும் இருந்துவிட்டுப் போகட்டும், அதுதானே அதன் ஊர். இரண்டாவது, கறுப்புப் பூனையை வெளிச்சமாக்காதீர்கள். படம் இருட்டாக இருக்கிறது என்று ஏற்றிவிடுவார்கள், பூனை சாம்பல் நிறமாகி நிற்கும். மூன்றாவது, கண்ணில் இருக்கும் பீளையையும் மூக்கிலுள்ள தழும்பையும் துடைக்காதீர்கள்.

சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, நடுவில் ஜன்னல்போல வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. பிரித்தால் தோலோடு வரும். வெயில் நேராக விழும் சுவரில் மாட்ட வேண்டாம், இரண்டு கோடையில் நிறம் போய்விடும். லேமினேஷன் மலிவுதான், ஆனால் ஓரம் பிரிந்து காற்றுப் புகுந்தால் அத்தோடு சரி.

எங்கே மாட்டுவது? தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போனால் வீட்டில் பாரதப்போர் நடக்கும். அதற்காக ஸ்டோர் ரூமில் ஒளிக்கவும் வேண்டாம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், அது வழக்கமாக உட்காரும் இடத்துக்கு மேலே மாட்டுங்கள். தாத்தாவின் மதிப்புக்கும் குறைவில்லை, பூனைக்கும் அந்த உயரம்தான் பழக்கம்.

வீடியோக்களை அழித்துவிடாதீர்கள், மங்கலாக இருந்தாலும். குரல் அதில்தான் இருக்கிறது. பசிக்குக் கத்துவது, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துவது, பல்லியைப் பார்த்துத் தாடையை ஆட்டிக் கிடுகிடுப்பது எல்லாம் வேறு வேறு. பூனை சுகமாகப் படுத்துக்கொண்டு அடித்தொண்டையில் "குர்ர்" என்று எழுப்பும் ஒலி ஏறக்குறைய 25 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. பதிவாகவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். படங்களையும் இவற்றையும் இரண்டு இடத்திலாவது நகல் எடுத்து வையுங்கள்.

எழுதி வைப்பது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கவிதை வேண்டாம், தேவதை, குழந்தை, தெய்வப்பிறவி என்பதெல்லாமும் வேண்டாம். எல்லாப் பூனைக்கும் பொருந்துகிற வரி எதுவாயினும் அடித்துவிடுங்கள். கேள்வி கேட்டு எழுதுங்கள். எந்தப் பக்கமாகச் சுருண்டு படுக்கும்? தண்ணீர் கிண்ணத்தில் குடிக்குமா, வாளியிலா? யார் மடியில் ஏறும், யாரைக் கண்டால் எழுந்து போகும்? எதற்குப் பயம்? என்னென்ன பெயர்களால் கூப்பிட்டீர்கள்? எதை உடைத்தது? தாசில்தாருக்குத் தட்டை ஒரு முறை சுற்றி வந்தால்தான் சாப்பாடு இறங்கும். பட்டாசுக்குப் பயமில்லை, சேலையை உதறும் சத்தத்துக்குப் பயம். அரிசிமூட்டையில் எலி ஓடினால் திரும்பிப் பார்க்க மாட்டார். அது கீழ்நிலை ஊழியர்களின் வேலை என்று நினைத்திருக்கலாம். கடைசி வருடம் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தார். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அது முதல் அடையாளங்களில் ஒன்று. அதையும் எழுதினோம். நோயும் அதனுடைய வாழ்க்கைதான்.

தேதிகளுக்குத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எடை போட்டிருப்பார்கள், அதிலேயே பாதி வரலாறு இருக்கிறது.

பிறகு தெருவில் விசாரியுங்கள். இதைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் எந்தப் பூனைக்கும் ஒரே வீடு இருப்பதில்லை. பால்காரர், அயர்ன் வண்டிக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி எல்லாரையும் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் தாசில்தார் போய்விட்டதைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஐயோ, மாப்பிள்ளையா?" என்றார். கோவில் பக்கத்துச் சந்தில் அவர் தினமும் காத்திருந்து மத்தித் தலை வாங்கித் தின்றிருக்கிறார். வீட்டில் மீனே தொடாதவர் என்று நாங்கள் டாக்டரிடம் சத்தியம் செய்திருந்தோம். நோட்டில் அந்தப் பக்கத்துக்குத் தனித் தலைப்பே போட்டிருக்கிறேன்.

"பூனைக்கா இவ்வளவு?"

கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்ல விரும்பினால் நம் ஊரிலேயே பதில் நின்றுகொண்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஊர்ச் சேரிக்காகச் சண்டையிட்டு மடிந்த சேவலுக்கே நடுகல் இருக்கிறது.

பூனைக்கு வேண்டுமென்றால் கொஞ்சம் தூரம் போக வேண்டும். இஸ்தான்புல்லில் டொம்பிலி என்ற குண்டுப் பூனை, நடைபாதைப் படியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 2016 ஆகஸ்டில் அது இறந்தது. அக்டோபரில் அதே இடத்தில், அதே சாய்வில் வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். லண்டனில் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், தம் பூனை ஹாட்ஜுக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குப் போவார். வேலைக்காரர்களை அனுப்பினால் அவர்களுக்குப் பூனைமேல் எரிச்சல் வரும் என்று. 1997-இல் அவர் வீட்டெதிரே வைத்த சிலையில் பூனையின் காலடியில் சிப்பி ஓடுகள் இருக்கின்றன. கடித்த கள்ளன், சாய்ந்த படி, தின்ற சிப்பி என்று அந்த அந்தப் பிராணிக்கு மட்டும் உரியதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் கருங்கல் பலகையில் எழுத வைப்பதாக இருந்தால் பெயருக்குக் கீழே அப்படி ஒரு வரி போதும்.

வீட்டுச் சிறு குழந்தைகளிடம் "ஊருக்குப் போயிருக்கிறது", "தூங்குகிறது" என்று சொல்ல வேண்டாம். திரும்பி வரும் என்று வாசலில் காத்திருப்பார்கள், அல்லது தூங்கவே பயப்படுவார்கள். செத்துவிட்டது, இனி வராது என்று சொல்லுங்கள். குழி மூடும்போது ஒரு பிடி மண் போடவும் விடுங்கள்.

வருடம் திரும்பும்போது

திதியா தேதியா என்பது உங்கள் வீட்டு வழக்கம். அன்று தெருப் பூனைகளுக்குப் பால் ஊற்றுகிறார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். வேகவைத்த மீனை முள் எடுத்து வையுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், தெருவில் வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று போட்டு அல்லாடும் பெண்பூனை ஒன்றைப் பிடித்துக் கருத்தடை செய்துவிடுங்கள். அன்னதானத்தைவிட இதற்குத்தான் என் ஓட்டு.

மிச்சமிருக்கும் பொருள்களில் பிரிக்காத மருந்து, சலைன் பாட்டில், தீவனம் எல்லாவற்றையும் டாக்டரிடமே கொடுத்துவிட்டால் வசதியில்லாத யாருக்காவது போகும். பிரித்த மருந்து வேண்டாம். தட்டு இருந்தால் இருக்கட்டும். நகம் கீறிய மேசைக்காலை பாலிஷ் போட்டு மறைக்காதீர்கள். எங்கள் அளவு மேசையின் கால் அப்படியேதான் இருக்கிறது. படுக்கை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேன்லுகோபீனியா என்ற தொற்றில் பூனை இறந்திருந்தால் அந்த வைரஸ் மெத்தையிலும் தரையிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, உயிரோடு இருக்கும். சோப்புத்தூளுக்கு மசியாது. மெத்தையை அப்புறப்படுத்தி, தரையை நீர்த்த பிளீச்சால் துடையுங்கள். தடுப்பூசி போடாத குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

அடுத்த பூனை எப்போது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் நாம் முடிவு செய்வதற்குள் ஒன்று வந்து படியில் உட்கார்ந்துவிடும். பழைய பெயரை அதற்கு வைக்காதீர்கள், அது வேறு ஆள். எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த கலர்ப் பூனைக்குத் தம்பி ஆர்.ஐ., அதாவது தாசில்தாருக்குக் கீழே உள்ள வருவாய் ஆய்வாளர், என்று பெயர் வைத்துவிட்டான். அவள் பதவி உயர்வு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். பழைய தடுப்பூசி அட்டையில் பக்கம் மிச்சமிருக்கிறதே என்று புதுப் பூனையின் ஊசிகளை அதில் எழுத வைக்காதீர்கள். டாக்டரிடம் புது அட்டை கேளுங்கள், தருவார்.